காலி நாற்காலிப் பக்கமிருந்து வந்த சத்தம்

கொரோனா ஊரடங்கு போட்ட முதல் வருடம். தூத்துக்குடி துறைமுகத்தில் லோடு ஏற்றும் வேலை நின்று, ஒற்றை அறையில் அடைந்து கிடந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு உப்பளம், திருப்பூர், மும்பை என்று சுற்றியவன் நான். மும்பையில் செல்போன் கடையில் கொஞ்ச நாள் இருந்ததால், ஞாயிறு ஆராதனையை ஆன்லைனில் நடத்தும் பொறுப்பை எங்கள் சர்ச் போதகரான ஐயர் என்னிடம் கொடுத்திருந்தார். யாருடைய மைக்கைத் திறப்பது, யாருடையதை அடைப்பது என்பதெல்லாம் என் விரலில் இருந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். மனைவி இறந்து இரண்டு மாதம். மகன் துபாயில். காது மந்தம் என்பதால் போனைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டி வைத்திருப்பார். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு கோவிலுக்கு வந்தது போலவே உட்கார்ந்திருப்பார்.

அந்த ஞாயிறு திரையில் அவர் கட்டத்தில் காலி நாற்காலிதான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவியின் வேதாகமம்.

வேதபாடம் வாசித்த அக்கா மூச்சு விட நிறுத்தியபோது, டக், டக், டக் என்று கேட்டது. அக்கா தொடர்ந்ததும் நின்றது. அடுத்த வசனம் முடிந்ததும் மறுபடியும் மூன்று தட்டு. சத்தம் அங்கிருந்துதான் என்று காட்டி, அவர் கட்டத்தின் ஓரம் பச்சையாக மின்னியது.

"அண்ணாச்சி வீட்டு எலியும் ஆராதனைக்கு வந்துட்டு போல" என்றார் பாடகர் குழு அக்கா. சிலர் சிரித்தார்கள்.

"சும்மா இரி ஏளா, அண்ணாச்சி சம்சாரம் செத்த வீடுல்லா அது" என்று ஒரு பெரியம்மா மெல்லச் சொன்னார். சிரிப்பு நின்றது.

"தம்பி, அதை அடைச்சிருங்க" என்றார் ஐயர். அடைத்தேன். சத்தியமாக, எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு பாட்டு, பிரசங்கம், நடுவே அமைதி ஜெபம். நான் மட்டும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வந்து உட்காரவில்லை.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபத்துக்கு எல்லா மைக்கையும் திறந்துவிடுவது எங்கள் வழக்கம். ஆளுக்கொரு வேகத்தில் குரல்கள் முட்டி மோதி, பிந்தி வந்த கடைசி ஆமெனும் அடங்கியது. உடனே டக், டக், டக்.

"யாரு?" என்றேன். நான் வாயை மூடியதும் மறுபடியும் தட்டியது. அப்போதுதான் உறைத்தது. யாராவது பேசினால் அது நிற்கிறது. அந்தப் பக்கம் இருப்பது நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"அண்ணாச்சி, நீங்களா? நீங்கன்னா ரெண்டு தடவை தட்டுங்க."

பிறகு டக், டக். அதோடு நின்றது. காலி நாற்காலி அப்படியே இருந்தது. கட்டங்களில் ஒரு முகமும் அசையவில்லை.

சைக்கிளை எடுத்தேன். தெருமுனையில் மறித்த போலீஸ்காரர் விஷயத்தைக் கேட்டுக் கூடவே வந்தார். வீட்டுக் கதவை உடைத்தோம். உள்ளே ஸ்பீக்கரில் சபையார் அழுது ஜெபிக்கும் சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது. அண்ணாச்சி குளியலறையில் இடுப்பு முறிந்து கிடந்தார். போனை இணைத்து வைத்துவிட்டு, ஆராதனைக்கு முன் முகம் கழுவப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. கையில் பிளாஸ்டிக் கப்பு. கதவின் அடியில் அதனால் தட்டிய தடம். ஊரடங்கில் வேலைக்காரப் பெண்ணும் வருவதில்லை.

தூக்கும்போது காற்றாய்ப் போன குரலில் கேட்டார். "எய்யா, எல்லாரும் சும்மா இருக்கப்பதான தட்டுனேன். ஒருத்தருக்குங்கூடவா கேக்கல?"

பிழைத்துக்கொண்டார். இப்போது கம்பு ஊன்றிக் கோவிலுக்கே வருகிறார். அந்த ஒரு மணி நேரமும் அவர் சத்தத்தை அடைத்து வைத்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அமைதி ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது எனக்கு ஜெபிக்க முடிவதில்லை. எங்காவது யாராவது தட்டுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.