டாக்டர் காலேஜ் புத்தகத்தில் என் கை

என் கை புத்தகத்தில் வந்திருக்கிறது. முகம் வரவில்லை, பேர் வரவில்லை, வலது கை மட்டும் வந்தது. ஒரு எழுத்துகூடத் தெரியாதவளுடைய கை, டாக்டருக்குப் படிக்கிறவர்கள் படிக்கிற இங்கிலீஷ் புத்தகத்தில். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள். நடுநடுவே சிரித்துவிட்டு பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள்.

அப்போது எங்கள் திருத்தணி ஆந்திராவில் இருந்தது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. தபால்காரர் வாசலில் தெலுங்கில் கூப்பிடுவார், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் அந்தப் புத்தகம் வந்த பிறகுதான்.

நான் பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம். அப்பாவின் அக்கா மகனையே கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட பிறகும் அவரைப் பாவா என்றுதான் கூப்பிட்டேன், அத்தையையும் அத்தை என்றுதான். அவர்களுக்கு மலைப்படி தொடங்குகிற இடத்தில் பூக்கடை. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்க வருகிறவர்களுக்கு அங்கேதான் சரம் கட்டித் தருவோம். கிருத்திகை வந்துவிட்டால் நாங்கள் மூன்று பேரும் மூன்று நாள் முதுகை நிமிர்த்த மாட்டோம். வீட்டில் அரிசி இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டோம். கட்டுவதில் நான்தான் வேகம். பெருமைக்குச் சொல்லவில்லை, அத்தையே சொல்வாள், அதுவும் எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

கல்யாணமான மறு வருஷம் நெல் அவிக்கும்போது ஈரத்தில் வழுக்கி, கொதிக்கிற அண்டாவுக்குள் வலது கையை விட்டுவிட்டேன். புண் ஆறியது. ஆறும்போது சுண்டுவிரலும் அதற்கடுத்த இரண்டு விரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. நார் எடுத்துச் சுற்றுகிற விரல்கள் அவை. கடையில் உட்கார்ந்து பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய முடியும்?

அரக்கோணத்தில் ரயில் வேலை பார்க்கிற ஒருத்தர் பாவாவிடம் சொன்னார், பட்டணத்தில் டாக்டர் காலேஜோடு சேர்ந்த ஆஸ்பத்திரி இருக்கிறது, விரலைப் பிரித்து விடுவார்கள் என்று. போனோம்.

அந்தக் காலேஜைப் பற்றி நான் என்ன சொல்ல. ஆஸ்பத்திரி எங்கே முடிகிறது, பள்ளிக்கூடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. படுத்திருக்கிற என்னைச் சுற்றி காலையில் பெரிய டாக்டர் வருவார், அவர் பின்னால் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், சாமி புறப்பாட்டில் வருகிற மாதிரி. பெரிய டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொல்வார், எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். அவர் போன பிறகு ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்து என் கையைப் பிடித்து, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்பார்கள். முதல் ஆளுக்கு வழுக்கினேன் என்று மட்டும் சொன்னேன். பத்தாவது ஆளுக்கு அண்டா எந்த ஊரில் வாங்கியது, அன்றைக்கு என்ன குழம்பு என்பதுவரை சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

விரலைப் பிரித்து, தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார்கள். அறுப்பதற்கு முன்னால் ஒருத்தர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கையைப் படம் பிடித்தார். தையல் போட்ட பிறகும், தையல் பிரித்த பிறகும் பிடித்தார். டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண், தலையில் எப்போதும் மல்லிகை வைத்திருப்பவள், என்னிடம் சொன்னாள்: "எங்க காலேஜ்ல மூணு மாசத்துக்கு ஒரு புத்தகம் போடுறோம்க்கா. உங்க கையப் பத்தி பெரிய டாக்டர் அதுல எழுதப் போறார். உங்களுக்கு ஒண்ணு அனுப்பி வைக்கிறேன்." கிளம்பும்போது பெரிய டாக்டர் அவளை விட்டு என்னிடம் தமிழில் சொல்ல வைத்தார்: விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆடி பிறக்கும் முன் ஒரு தரம் வந்து காட்ட வேண்டும்.

ஊருக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூ கட்ட ஆரம்பித்தேன். பங்குனியில் புத்தகம் வந்தது.

அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்து அதை வாங்கினாள். முதலில் பார்த்தது, கோட்டுப் போட்டவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்த ஒரு படம். "இவுங்க எல்லாருமா உன் கையப் புடிச்சிப் பாத்தாங்க?" என்றாள். அடுத்த பக்கத்தில் மாலை போட்ட ஒரு கிழவர். "ஐயோ பாவம், அறுத்த டாக்டரு போயிட்டாரு போலக் கீதே." அவர் இல்லை அத்தை, இவர் யாரோ என்று நான் சொல்வதற்குள் என் கை வந்துவிட்டது.

ஒரே பக்கத்தில் நான்கு படம், ஒன்றன் கீழ் ஒன்றாக. மேலே மடங்கின கை. அடுத்தது அதே கை, பக்கவாட்டில். அதற்குக் கீழே தையலோடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஐந்து விரலும் விரிந்த கை.

அத்தை அடியிலிருந்த படத்தில் விரலை வைத்தாள். "மொதல்ல நேரா கீது பாருடி. அப்புறம் தையல்." விரல் மேலே ஏறியது. "அப்புறம் மடங்குது. கடைசியில இன்னும் மடங்கிக்கினு, முன்னாடி இருந்த மாதிரியே ஆயிடுது." விரல் உச்சிப் படத்தில் நின்றது. "டாக்டரு மொதல்லயே எழுதி வச்சிட்டாரு. இது நிக்காது."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கக்கூடாது. எங்கள் ஊரில் எதுவும் கீழிருந்துதான் ஆரம்பிக்கும். முதல் படி அடியில், கடைசிப் படி சாமிக்குப் பக்கத்தில். படி பூஜைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே போவோம். அத்தை பிறந்ததிலிருந்து அப்படி ஏறினவள். நான்கு படம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் அவள் வேறு எங்கிருந்து பார்ப்பாள்? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாவாவுக்கும் பட்டது. பாவா தெலுங்குப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் புத்தகத்தைக் கொண்டுபோனார். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "கையப் பத்திதான் போட்டிருக்காங்க" என்றார். அது எங்களுக்கும் தெரியும்.

"இனிமே நீ நார் தொடாத" என்றாள் அத்தை. "வேல செய்யச் செய்யத்தான் அந்தத் தோலு சுருங்கும். தொடையில எடுத்த தோலு பாவம், அதுக்கு இன்னா தெரியும் பூ கட்ட?"

"டாக்டரு வேல குடுக்கச் சொன்னாரே அத்தை."

"வாயால சொன்னது ஒண்ணு, புத்தகத்துல போட்டது ஒண்ணு. எத நம்புவ?"

எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. அத்தை கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் தினமும் என் கையில் விளக்கெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தண்ணீர்க் குடத்தைக்கூடத் தானே தூக்கினாள். நான் கைக்குழந்தையை வைத்திருக்கிற மாதிரி என் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா வைத்திருந்தால் என்ன ஆகும்? விரல் விறைக்க ஆரம்பித்தது. சித்திரையில் சுண்டுவிரல் முழுசாக நீளவில்லை. வைகாசியில் பக்கத்து விரலும்.

அத்தை புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். "ரெண்டாவது படியத் தாண்டிட்டோம்" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. பாவா மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "ஆனியில பட்டணம் போலாம்" என்றார்.

"எதுக்குடா? புத்தகத்தத் திருப்பிக் குடுக்கவா?"

"எதுக்கோ. வரச் சொன்னாங்க, போறோம்."

போகும்போது புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன் என்று நினைத்தேன், என்னைக் காலேஜுக்குள் கூட்டிப்போய் ஒரு பெரிய மண்டபத்தில் நிறுத்தினார்கள். மண்டபம் முழுக்கப் படிக்கட்டு. படிக்கட்டு முழுக்கப் படிக்கிற பிள்ளைகள், கூரைவரை. ஆனால் மேலே சாமி இருக்க வேண்டிய இடத்தில் மீசை முளைக்காத பையன்கள் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் அடியில், முதல் படிக்கும் கீழே, தரையில் நின்றார். எல்லாரும் அவரைக் குனிந்து பார்த்தார்கள். இவர்களுக்கு எல்லாம் தலைகீழ் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

டாக்டர் துணியைப் பிரித்து என் விரலைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. மல்லிகைக்காரப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏன்க்கா, விரலுக்கு வேலையே குடுக்கலையா?"

"எதுக்குக் குடுக்கறது? மடங்கிடும்னு நீங்கதான போட்டுக்கிறீங்க."

"யாரு போட்டா?"

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அத்தை காட்டின மாதிரியே அடியில் விரலை வைத்து ஏறினேன். நேரா இருக்குது, தையல், மடங்குது, இன்னும் மடங்குது. அந்தப் பெண் என் விரலையே பார்த்தாள். பிறகு டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். படிக்கட்டில் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அவரே எழுதின பக்கத்தை முதல் தடவை பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலேருந்து கீழ வரணும்க்கா" என்றாள் அந்தப் பெண். "மடங்கின கைதான் முதல்ல. நல்லா ஆன கை கடைசி."

"கடைசிய எதுக்கு அடியில வச்சீங்க?"

அவள் அதை அப்படியே டாக்டரிடம் இங்கிலீஷில் கேட்டாள்.

அவர் ஏதோ சொல்ல, அவள் தலையிலிருந்த மல்லிகையை எடுத்துப் பிரித்து, பூவை மேஜைமேல் கொட்டி, நாரை என்னிடம் கொடுத்தாள். "கட்டுங்க, பார்ப்போம்."

அத்தனை பேருக்கு முன்னால் நான் எதுவும் செய்ததில்லை. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. நழுவின நாரைச் சுண்டுவிரல் தானாகப் போய்ப் பிடித்தது, நான் சொல்லவில்லை. வலித்தது, ஆனால் பிடித்தது. நான்கு பூ நின்றது, பிறகு எட்டு. ஒரு சாண் சரம் கட்டி அவளிடமே கொடுத்தேன். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், படிக்கட்டு முழுக்க எழுதிக்கொண்டது. அது என்ன வார்த்தை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மேலேருந்து ஆரம்பிச்சா மொதல்லயே கோயிலு வந்துடுமேடி. அப்புறம் எதுக்கு நடக்கிறது?"

"அவுங்க ஊர்ல அப்படித்தான் அத்தை. டாக்டரே அடியிலதான் நிக்கிறாரு."

"பெரிய மனுசன அடியில நிக்க வச்சாங்களா?" என்று அதற்கு வேறு வருத்தப்பட்டாள். ஆனால் நார்க் கட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். அன்றிலிருந்து தினமும் கட்டினேன். விரல் விறைத்த இடத்தில் அத்தை கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே நீவிவிடுவாள். என்னைத் திட்டவில்லை, அந்தத் தோலைத் திட்டினாள். ஆடிக் கிருத்திகைக்கு முன்போல வேகம் வரவில்லை. அத்தை இரண்டு சரம் கட்டினால் நான் ஒன்று கட்டினேன். "ஆங், போதும்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்தால் பெரிய விஷயம்.

கூட்டம் ஓய்ந்து வீட்டுக்கு வந்தபோது புத்தகம் சாமி மாடத்தில் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி திறந்தபடி இருந்தது. அத்தை அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தாள். இப்போது மடங்கின கை அடியில், விரிந்த கை உச்சியில். எழுத்தெல்லாம் தலைகீழ், என் விரல்களும் கீழே பார்த்துத் தொங்கின. எங்கள் வீட்டில் அதனால் யாருக்கும் கஷ்டமில்லை. பாவாவும் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதாம்மா சரியாக் கீது" என்றார்.