பச்சை பீரோ

ஸ்ரவந்தியின் பத்தாம் வகுப்பு, இன்டர் எனும் பன்னிரண்டாம் வகுப்பு, பி.டெக். சான்றிதழ்கள் மூன்றும் கரீம்நகர் புறவழிச் சாலையிலுள்ள ஒரு தனியார் கல்லூரியில், பச்சை பீரோ ஒன்றில் இருந்தன. முதல் இரண்டும், கல்லூரியில் சேர்ந்த அன்று அவளே கொடுத்தவை. பட்டச் சான்றிதழை அவள் கையால் தொட்டதுகூட இல்லை.

ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே கட்டும் என்பது ஏற்பாடு. முதலாண்டுத் தொகை வந்தது. மற்ற ஆண்டுகளுக்கு, பணம் வரும் என்ற தகவல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அரசு பாக்கியைத் தீர்க்கும்வரை பேப்பர் வெளியே போகாது, அவசரமென்றால் நீயே கட்டு என்றார் நிர்வாக அலுவலர் தாமோதர். ஸ்ரவந்தியின் அம்மா லச்சவ்வா பீடி சுற்றுகிறவள். எத்தனை கட்டு சுற்றினாலும் எட்டாத தொகை அது.

ஊராட்சிச் செயலர் தேர்வில் ஸ்ரவந்தி தேறினாள். சரிபார்ப்புக்கு நகல்களோடு போனாள். அதிகாரி நகல்களைத் திருப்பித் தள்ளினார்.

“அசல் எங்கம்மா?”

“காலேஜ்ல வெச்சிருக்காங்க சார். அரசாங்கம் இன்னும் ஃபீஸ் கட்டலியாம்.”

“அது நீயும் காலேஜும் பேசிக்க வேண்டியது. அசல் இல்லாம அரசாங்கம் எப்படி வேலை குடுக்கும்?”

அவர் தலைக்கு மேல், இலவசக் கட்டணத் திட்டத்தின் சுவரொட்டியில் ஒரு பெண் பட்டமளிப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை, பட்டியலில் அடுத்திருந்தவனுக்குப் போனது.

அடுத்த ஆண்டு மின்வாரியத் தேர்விலும் தேறினாள். ஆடியில் வரும் போனாலு பண்டிகைக்கு முன் சரிபார்ப்பு. மறுபடி தாமோதரிடம் போய் நின்றாள். கல்லூரியில் இடங்கள் நிரம்பாத காலம் அது. அவர் இம்முறை விரட்டவில்லை, உட்காரச் சொன்னார். ஊர் ஊராகப் போய்ப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால், பணம் கட்டாமலே பேப்பரைத் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

வெயிலில் அலைந்தாள். ஒரு ரூபாய் செலவில்லை, எல்லாம் அரசாங்கம் கட்டும் என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். முன்பு அவளைச் சேர்க்க அவள் வீட்டு வாசலுக்கு வந்தவனும் இதே சொற்களைத்தான் சொல்லியிருந்தான். பதினோரு பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டாவது, நர்சவ்வாவின் மகள் அகிலா.

நர்சவ்வாவும் பீடிக்காரி. மடியில் முறத்தோடு இலை வெட்டிக்கொண்டே பேசினாள். “போன வருஷம் பெரியவளுக்காக ஒருத்தன் வந்தான். பை குடுத்தான், லேப்டாப் தர்றேன்னான். பை இருக்கு, வெங்காயம் போட்டு வெச்சிருக்கேன். நீ என்னம்மா தர்றே?”

ஸ்ரவந்தி பதிலுக்குச் சிரித்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அகிலா கேட்டாள்.

“அக்கா, நீங்க அங்கதானே படிச்சீங்க? உங்க சர்டிபிகேட் எல்லாம் கைக்கு வந்துடுச்சா?”

கத்தரிக்கோல் நின்றது.

“வந்துடுச்சு. நாளைக்கே வேணும்னாலும் காட்டுறேன்.”

மறுநாள் தாயும் மகளும் முதல் பேருந்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தாமோதர் பீரோவைத் திறந்தார். சொன்ன சொல் தவறாமல், ஸ்ரவந்தியின் உறையை உருவிக் கொடுத்தார். சேர்க்கைக்காக அகிலா கொடுத்த சான்றிதழ் உறையையும் ஸ்ரவந்தி கையிலேயே கொடுத்தார்.

“அதே இடத்துல வெச்சுடும்மா. காலியாத்தானே இருக்கு.”

வைத்தாள். அவர் பூட்டினார்.

பேருந்து நிறுத்தத்தில் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். ஸ்ரவந்தி பார்க்காததுபோல் கடந்து போக நினைத்தாள். அகிலா கூப்பிட்டுவிட்டாள். “அக்கா, காட்டுறேன்னீங்களே?”

உறையைப் பிரித்துப் பட்டச் சான்றிதழை நீட்டினாள். அகிலா கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்துப் படித்தாள். நர்சவ்வாவுக்கு எழுத்து தெரியாது. முத்திரையை மட்டும் பார்த்தாள்.

“பத்திரமா உள்ள வெச்சுக்க தாயி,” என்றாள். “யார்கிட்டயும் குடுத்துடாதே.”