பெரிய டாக்டரைக் கூப்பிட்டது யார்?

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். பிணத்தை அறுத்துப் படித்தவளிடம் ஆவிக் கதை அளக்காதீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது நான் சர்ஜரி மேற்படிப்பில் கடைசி வருஷம். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனை, பேர் வேண்டாம். சாந்தோம் குப்பத்திலிருந்து செலினம்மா என்று ஒரு மீன்காரம்மா, பித்தப்பையில் கல் என்று வந்து சேர்ந்திருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சம்மதக் கையெழுத்து வாங்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய டாக்டருதானே பண்ணுவாரு? ரெண்டு பொண்ணு கீதும்மா எனக்கு, இன்னும் கட்டிக் குடுக்கல" என்றார்.

"அவரேதாம்மா" என்றேன், வாய் கூசாமல். படிவத்தில் அந்தப் பெரிய டாக்டர், எங்கள் சீஃப் பேர் இருக்கும், கத்தி என் கையில் இருக்கும். செய்யாமல் யாரும் சர்ஜன் ஆக முடியாது, அதில் தப்பில்லை. ஆனால் அதை அந்த அம்மாவிடம் மறைத்தேனே, அது தப்பு.

மறுநாள் காலை பதினோரு மணி. முழு மயக்கம் கொடுத்து, கண்ணிமை மேல் பிளாஸ்டர் ஒட்டி, வயிற்றில் சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு, நான்தான் செய்துகொண்டிருந்தேன். பாதியில் சீஃப்புக்குப் போன். "பாத்துக்கோ, ரெண்டே நிமிஷம்" என்று காரிடாருக்குப் போய்விட்டார், நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி தலையாட்டினேன். பித்தப்பையின் குழாயில் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். இதுதான் குழாய் என்று கிளிப்பைக் கிட்டே கொண்டுபோய்விட்டேன், அந்த நொடி கதவைத் தள்ளிக்கொண்டு சீஃப் ஓடி வந்தார், திரையைப் பார்த்தார், "கைய எடு! எடுன்னா எடு!" என்று கத்தினார். நான் பிடித்திருந்தது ஈரலிலிருந்து குடலுக்குப் போகிற பெரிய குழாய். அதை வெட்டியிருந்தால் அந்த அம்மாவின் கதை என்ன ஆகியிருக்கும்?

மீதியை அவரே முடித்தார். வெளியே வந்ததும், "யார அனுப்பின?" என்றார்.

"யாரையும் இல்ல சார்."

"விளையாடாத. ஒரு பொம்பள என் கையப் புடிச்சு இழுத்துது, உள்ள வா, உள்ள வான்னு. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

நம்பினால் நம்புங்கள், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒருத்தரும் வெளியே போகவில்லை. இரண்டு சிஸ்டரும் என் கண் முன்னால்தான் நின்றார்கள்.

மறுநாள் வார்டில் செலினம்மா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள், "இன்னாம்மா, அவருதான் பண்ணுவாருன்னு சொன்னே, அவரு வெளிய நின்னு போன் பேசிகினு கீறாரு" என்றார். "நான்தான் போயி கையப் புடிச்சு இஸ்தேன்."

குரலில் கோபமே இல்லை. நான் அழுதுவிட்டேன், மன்னிப்புக் கேட்டேன். "அட வுடும்மா, கத்துக்கிற பொண்ணு" என்று என் கன்னத்தைத் தொட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"ஆமா, அவங்களுக்கெல்லாம் ஆப்ரேசன் முடிஞ்சுதா?"

"யாருக்கும்மா?"

"அவர சுத்தி நின்னுகினு இருந்தாங்களே, ஏழெட்டு பேரு, பச்ச கவுனு போட்டுகினு. எனக்கு முன்னாடியே வந்து அவர கூப்ட்டுகினு இருந்தாங்க, பாவம். அவரு காதுலயே வுழல."

அன்றைக்கு அந்தத் தியேட்டரில் செலினம்மா ஒருவர்தான் நோயாளி. "முடிஞ்சிடுச்சும்மா" என்றேன், வேறென்ன சொல்வது?

இப்போது நானே சீஃப். தையல் முடியும்வரை தியேட்டரை விட்டு நகர்வதில்லை, யாரையும் நம்பாதவள் என்று படிக்கிற பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள், பேசட்டும். அந்த ஏழெட்டுப் பேரின் முகம் எப்படி இருந்தது என்று செலினம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்கு முன்னால் சீஃப் பேரில் நான் கத்தி வைத்தவர்களில் எல்லாருமா பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்?