டம்ளர் நுழையாத கதவு

கதவு விற்கிறவனை யாரும் முன்கூட்டிக் கூப்பிட மாட்டார்கள். திருடன் வந்துபோன மறுநாள்தான் கூப்பிடுவார்கள், அப்போதும் பேரம் பேசுவார்கள். புனேயில் இருபது வருஷம் சேஃப்டி டோர் அடித்து விற்றவன் நான். மரக்கதவுக்கு முன்னால் ஒரு கம்பிக்கதவு, உள்பக்கம் ஒரு சங்கிலி, இதுதான் என் சரக்கு. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், பட்டுத் தெரிந்துகொண்டது மீதி. பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கூட்டம்.

தமிழில் கூப்பிட்டால்

தொண்ணூறுகளின் தொடக்கம். கட்கியில் தொழிற்சாலைக்காரர்கள் குடியிருக்கும் பக்கம் மத்தியான வெயிலில் வீடு வீடாகப் போவேன். இந்தியில் கூப்பிட்டால் "நஹி சாஹியே", வேண்டாம் என்று உள்ளேயிருந்தே பதில் வரும். வாசலில் நம்மூர்க் கோலத்தைப் பார்த்தால் தமிழில் கூப்பிடுவேன். கதவு படாரென்று திறக்கும். அப்படித் திறந்தவர்தான் சரோஜாக்கா. வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். நான் என்ன விற்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்டூலைப் போட்டு, கையில் தண்ணீர் டம்ளரையும் கொடுத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம். வியாபாரத்துக்கு வந்தவன் வீட்டுக்காரம்மாவைத் திட்டக் கூடாதுதான், வாய் கேட்டால்தானே? "யாரு எவன்னு கேக்காம இப்பிடியாக்கா கதவத் தொறப்பீங்க?" என்றேன். அக்கா சிரித்தார். "தமிழ்ல கூப்பிட்ட. அதுக்கு மேல யாருன்னு வேற கேக்கணுமா?"

கம்பிக்கு நடுவே

நான் பேரத்தில் கெட்டிக்காரன். சரோஜாக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. விலையை ஒரு வாரம் இழுத்தடித்தார். அது படிந்ததும் அடுத்ததை ஆரம்பித்தார்: கம்பிகளுக்கு நடுவே ஒரு டம்ளர் நுழைகிற இடம் விடவேண்டுமாம். தபால்காரர் தண்ணீர் கேட்பார், சிலிண்டர் கொண்டுவருகிறவன் கேட்பான்.

"டம்ளர் நுழைஞ்சா கை நுழையும். கை நுழைஞ்சா சங்கிலி கழலும். அப்புறம் கதவு எதுக்கு? ஒரு பழைய புடவையத் தொங்க விடுங்க!" என்று கத்திவிட்டு ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா விட்டுக்கொடுத்தார். இரண்டு விரல் மட்டும் போகிற இடைவெளியோடு கதவை மாட்டினேன். அவர் கையை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நான் பெருமையோடு நின்றேன். அக்கா யோசனையாகக் கேட்டார்: "அப்போ தண்ணி கேக்கறவங்களுக்குக் கதவத் தொறந்துதான குடுக்கணும், தம்பி?"

பழைய ஷூ

வாகட் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்த பிறகு கம்ப்யூட்டர்காரர்கள் என் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். ஒரு தம்பதி மூன்று பூட்டு வைத்த கதவு கேட்டு வாங்கினார்கள். ஒரு மாதம் கழித்து எண்ணெய் விடப் போனால் வீட்டில் யாரும் இல்லை. வேலைக்கார அம்மா வந்தார், வாசலில் கிடந்த ஷூவுக்குள் கையை விட்டார், மூன்று சாவியும் கொத்தாக வந்தன. அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்காரப் பையனுக்குப் போன் போட்டுக் காய்ச்சினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள், அது ரொம்பப் பழைய ஷூ, யாரும் எடுக்க மாட்டாங்க."

மரியாதை

இன்னொருவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கொத்துமல்லிக் கட்டுக்குக்கூட எட்டணா குறைக்காமல் நகர மாட்டார். காலை நடையில் இருவர் அவரை நிறுத்தி, தாங்கள் மஃப்டி போலீஸ் என்றார்களாம். முன்னால் வழிப்பறி நடக்கிறது, மோதிரத்தையும் செயினையும் கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர்களே மடித்தும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஜல்லிக்கல். மறுநாள் என்னிடம் கதவு வாங்க வந்தார். தெருவில் போனதற்கு வீட்டில் கதவு எதற்கு என்று கேட்க எனக்கே மனசு வரவில்லை. அவர் வெற்று விரலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவ்ளோ மரியாதையா 'சார், சார்'னு பேசினானுங்கய்யா. அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்."

ஆடி மாத வசூல்

ஒரு ஆடி மாதம், கோயில் கூழுக்கு வசூல் என்று ஒருவன் சரோஜாக்கா வாசலில் நின்றிருக்கிறான். நல்ல தமிழ். அக்கா சங்கிலியைக் கழற்றாமல்தான் பேசியிருக்கிறார். "வெயில் தாங்கலக்கா, கொஞ்சம் தண்ணி" என்றானாம். டம்ளர் கம்பிக்குள் நுழையாது. சங்கிலியைக் கழற்றினார். டம்ளரை நீட்டிய கை நீட்டியபடி இருக்க, தாலிக்கொடி அவன் கைக்குப் போய்விட்டது. தள்ளிவிட்டதில் நிலைப்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

நான் போனபோது கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் மாவுக்கட்டு. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லப் போனவன் நான், வந்ததோ சத்தம். "தமிழ்ல பேசினாலும் தொறக்காதீங்க. தனியா இருக்கறப்ப நானே வந்து நின்னாலும் சங்கிலியக் கழட்டாதீங்க!" அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "தண்ணி கேக்கறவன நிக்க வெச்சு, நீ யாருன்னு எப்பிடி தம்பி கேக்கறது?"

பத்திரிகை

அதற்கப்புறம் சில வருஷம் அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை. என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கட்கிக்குப் போனேன். என் முதல் கதவை வாங்கிப் போணி செய்த வீடாயிற்றே. தமிழில்தான் கூப்பிட்டேன். உள்கதவு கொஞ்சமாகத் திறந்தது. "தம்பியா!" என்று அக்கா முகமெல்லாம் சிரித்தார். கை சங்கிலிக்குப் போனது. அங்கேயே நின்றது. மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடியிருந்தது.

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரைக் கம்பியில் வைத்துச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். தண்ணீர் என் செருப்பில் கொட்டியது. பத்திரிகை மட்டும் நுழைந்தது. உள்ளே நின்றபடியே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரியாத்தான்க்கா செய்றீங்க. சாயங்காலம் அண்ணன் வந்ததும் வரேன்" என்றேன். பாதி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்: "கோவிச்சுக்காத தம்பி. நீ போட்ட கதவு நல்ல கதவு."

எவன் வந்தாலும் திறக்காத கதவு என்று சொல்லித்தான் விற்றேன். சரக்கில் ஒரு குறையும் இல்லை.