வலது கன்னம்

ஃப்ரிட்ஜ் கதவின் இடுக்கில் வலது கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழாக நகர்கிறார். பாதி உயரம் வந்ததும் முழங்கால் மடிகிறது. கீழ் மூலைக்குப் போய்ச் சேரும்போது சமையலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். முதல்முறை பார்ப்பவர்கள் ஆள் மயங்கிவிட்டார் என்று தண்ணீர் எடுக்க ஓடியதுண்டு.

"இங்கதான் மூச்சு விடுது," என்கிறார் தரையிலிருந்து. "ரப்பர் போச்சு. மோட்டார் பாவம், அது என்ன பண்ணும்."

எங்கள் தெருவில் எல்லோருடைய கைபேசியிலும் அவர் 'கன்னம்' என்றே பதிவாகியிருக்கிறார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். தொழில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பது; பெரும்பாலும் கதவு ரப்பர் மாற்றுவது. ரப்பர் தேய்ந்தால் குளிர் கசியும். மோட்டார் ஓயாமல் ஓடும், கதவோரம் வேர்க்கும், மேலே பனி மண்டும், கீழே பால் திரியும். வீட்டுக்காரர் இதையெல்லாம் சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "நீங்க சொல்லாதீங்க. அது சொல்லட்டும்."

வலது கன்னத்தைத் தினமும் மழிக்கிறார். இடது கன்னத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். "முடி இருந்தா குளிரு முடியோடயே நின்னுரும். தோலுக்குச் சேதி வராது. அந்தப் பக்கம் சும்மா மூஞ்சிக்குத்தான இருக்கு, அதுக்கு எதுக்கு பிளேடு." வலப்பக்கமிருந்து பார்த்தால் வங்கி மேலாளர். இடப்பக்கமிருந்து பார்த்தால் அதே வங்கியில் ஓட்டைபோட வந்தவர். வெளியே போகும்போது மனைவி அவருக்கு வலப்பக்கமாகவே நடக்கிறார்.

மற்ற மெக்கானிக்குகள் கதவிடுக்கில் ஒரு தாளைச் செருகிச் சாத்திவிட்டு இழுத்துப் பார்ப்பார்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இவருக்கு அது இளப்பம். அவர்களைப் 'பேப்பர்காரங்க' என்பார். "பேப்பருக்குக் குளிருமா? கேட்டுச் சொல்லுங்க."

கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவற்றையும் விசாரிக்காமல் விடுவதில்லை. மூடி போட்ட கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்து, "இவரு எப்ப வந்தாரு?" என்பார். வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "யாருக்கும் சொந்தமில்லையா? சரி, இருக்கட்டும்." திறந்த கதவைப் பிடித்தபடி நின்று யோசிக்கிறவர்கள் அவரிடம் தப்ப முடியாது. விரல் படும் இடத்தில் ரப்பர் பளபளத்திருக்கும். "நின்னு யோசிக்க இது என்ன ஜன்னலா? யோசிச்சு முடிச்சுட்டு வந்து தொறங்க."

அவர் வீட்டுக் கூடத்தில் நாலு சுவரிலும் புது ரப்பர்கள் ஆணியில் தொங்குகின்றன. வெள்ளை, சாம்பல், சின்னது, ஆள் உயரம். படம் மட்டும் இல்லாத சட்டங்கள். விருந்தாளிகள் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்குள்ளும் தெரிகிற சுவரை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மனைவியின் தம்பி புது ஃப்ரிட்ஜ் விற்கும் கடையில் விற்பனையாளர். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவருக்கும் ஒரே மேசையில் சாப்பாடு.

"மாமா, உங்களால இந்த ஏரியாவுல ஒரு ஃப்ரிட்ஜும் சாக மாட்டேங்குது."

"மோட்டார் போச்சுன்னு சொல்றவன்ல பாதிப் பேரு குனியச் சோம்பேறி, மாப்ள. கீழ் மூல வரைக்கும் போய்ப் பாக்க மாட்டான்."

"ரெண்டு பேரும் பேசாமத் தின்னுங்க," என்பார் மனைவி. "எனக்கு வந்து வாய்ச்சது ரெண்டும் ஃப்ரிட்ஜாவே வாய்ச்சிருக்கு."

'மோட்டார் போச்சு' என்று அவர் வாயால் சொன்னதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் போன மாதம் சொன்னபோது கேக் அக்கா அப்படியே நம்பினார்.

கேக் அக்கா என் வீட்டுக்கு மேல்மாடி. பிறந்தநாள் கேக் செய்து விற்கிறார். இரண்டு வருடமாக ஒரு பெரிய ஓவனுக்குப் பணம் சேர்க்கிறார். அது வந்து நிற்க வேண்டிய இடத்தில், சமையலறைச் சுவரில், சாக்பீஸால் அளவெடுத்துக் கட்டம்கூட வரைந்து வைத்திருந்தார். அதற்குள் ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தது. க்ரீமில் போட்ட ரோஜா காலைக்குள் முட்டைக்கோசாகிவிடுகிறது என்று கன்னத்தைக் கூப்பிட்டார்.

காலை பதினொரு மணிக்கு வந்தார். வாயில் பஞ்சு. சட்டையில் காலரிலிருந்து பை வரை டீ வழிந்திருந்தது. வழக்கம்போலக் கையை உயர்த்தி அக்காவின் பேச்சை நிறுத்திவிட்டு, கன்னத்தை வைத்து ஒரு சுற்று வந்தார். எழுந்தார். ஃப்ரிட்ஜை ஒருமாதிரி பார்த்துவிட்டு இன்னொரு சுற்று வந்தார்.

"ரப்பர் நல்லாத்தாம்மா இருக்கு. சொட்டுக் காத்து இல்ல." பஞ்சுக்குள்ளிருந்து சொல் குழறிக்கொண்டு வந்தது. "மோட்டார் போச்சு. எடுத்துரு."

"நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டார். கெட்ட சேதி சொல்லிவிட்டு மருத்துவமனை வராந்தாவில் டாக்டர்கள் நடப்பதுபோல் படியிறங்கிப் போனார்.

அக்கா ஈரத்துணியால் சாக்பீஸ் கட்டத்தைத் துடைத்தார். ஓவன் பணம் ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. இனி இரண்டு வருடம் அந்த இடம் வெறும் சுவர்தான். பிறகு கன்னத்தின் மைத்துனன் கடைக்குப் போன் செய்தார். நாலு மணிக்குப் புதுசு வரும், பழசை எடுத்துக்கொள்வோம் என்றார்கள்.

அடுத்து நடந்ததை டீக்கடைக்காரர் சொன்னார். நாலரை மணிக்குக் கன்னம் கடையில் நின்று ஒரு மடக்குக் குடித்திருக்கிறார். வலது பக்கம் சுட்டிருக்கிறது. கிளாஸை எடுத்து வலது கன்னத்தில் வைத்திருக்கிறார். எடுத்திருக்கிறார். மறுபடி வைத்திருக்கிறார்.

"காலைலயும் இதே சூடுதான குடுத்தீங்க?"

"என்னிக்கும் குடுக்கறதுதாண்ணே."

குனிந்து சட்டையைப் பார்த்திருக்கிறார். "இது எப்ப ஊத்துச்சு?"

"காலைல நீங்கதான் ஊத்திக்கிட்டீங்க. வழியுதுண்ணே, வழியுதுண்ணேன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். என்னமோ உளறிட்டுப் போனீங்க."

கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். பையை எடுக்கவில்லை. ஓடினார். ஐம்பது வயதுக்கு மேல் ஆனவர் தெருவில் ஓடுவதை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது. எங்கோ தீ என்று இரண்டு பேர் கூடவே ஓடினார்களாம்.

அதற்குள் பழைய ஃப்ரிட்ஜைக் கயிறு கட்டி என் வீட்டு வாசல் வரை இறக்கியிருந்தார்கள். இரண்டு சுமைக்காரர்கள், கையில் ரசீதுப் புத்தகத்தோடு மைத்துனன், காய்கறித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கேக் அக்கா. புதுசு அட்டைப்பெட்டிக்குள் வேனில் காத்திருந்தது.

"நிறுத்து," என்றார் கன்னம், கீழ்ப்படியில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஏன் மாமா? போச்சுன்னு சொன்னதே நீங்கதான?"

"காலைல எனக்குக் கன்னம் இல்ல, மாப்ள."

சுமைக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு கன்னமும் இருந்தன.

"பல்லு புடுங்கறதுக்கு ஊசி போட்டாங்க. இந்தப் பக்கம் பூரா செத்துக் கெடந்துச்சு. செத்தத வெச்சுக்கிட்டு, உசுரோட இருக்கறதப் போச்சுன்னுட்டேன்."

மைத்துனன் நிதானமாக ரசீதுப் புத்தகத்தை மூடினான். "கன்னத்துக்கு வாரண்டி கார்டு ஏதாச்சும் இருக்கா மாமா?"

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதும்மா. இன்னொரு வாட்டி பாக்க விடு."

"இப்பவும் தப்பா இருந்தா?"

"நானே தூக்கி வேன்ல வெக்கறேன்."

அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"படுக்க வெச்சீங்களா?" என்று கன்னம் சுமைக்காரர்களைக் கேட்டார். ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்திருந்தால் நிமிர்த்திப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். நிற்க வைத்தேதான் இறக்கினோம் என்றார்கள். என் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தோம். குளிர் ஏறுவதற்கு முக்கால் மணி நேரம். எல்லோரும் படியில் வரிசையாக உட்கார்ந்தோம். அக்கா க்ரீம் சரிந்த கேக்கை எடுத்துவந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தன் விற்பனை அழிந்துகொண்டிருக்கும்போது மைத்துனன் இரண்டு துண்டு சாப்பிட்டான். கன்னம் மட்டும் வாங்கவில்லை. விரல் நுனியால் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆரம்பித்தார். மேல் விளிம்பு, பக்கவாட்டு, கீல் பக்கம். வாசல் நடையில் அவர் படுக்க இடமில்லை. சுமைக்காரர்கள் தங்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். கீழ் மூலையில் வெகுநேரம் கிடந்தார். மைத்துனன் கேக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"இங்க," என்றார். எழுந்தார். அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "நீயும் வெச்சுப் பாரும்மா."

அக்கா குனிந்து கன்னத்தை வைத்தார். "ஆமா," என்றார். "ஊசி மாதிரி வருது."

"மாப்ள, நீயும் வா."

"எனக்கு எதுக்கு."

"வாடா."

மைத்துனன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தான். "குளுருது," என்றான், யாரையோ காட்டிக் கொடுப்பவன் குரலில்.

ரப்பரின் மடிப்பை விரித்துக் காட்டினார். உள்ளே நகநீளத்துக்கு ஒரு வெடிப்பு. அன்றே அவர் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு சட்டம் இறங்கி வந்தது. மடிப்பு நிமிர, அதைச் சுடுநீரில் ஊறப் போட்டார். பழசை உரித்தெடுத்து, ரப்பர் உட்காரும் காடியிலிருந்த கறுப்பைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தெடுத்தார். முதலில் நாலு மூலை, பிறகு நடுப்பகுதி என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். கதவு சாத்தும்போது அடங்கின சத்தம் ஒன்று கேட்டது. பேச்சின் நடுவில் யாரோ உதட்டை மூடிக்கொண்ட மாதிரி. வேன் புதுசோடு திரும்பிப் போனது. மேலே அக்கா சாக்பீஸ் தேடிக்கொண்டிருந்தார்.

போன வாரம் என் வீட்டு ஃப்ரிட்ஜும் வேர்க்க ஆரம்பித்தது. கூப்பிட்டேன். வந்த அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டு கன்னமும் வழுவழுவென்று இருந்தன. இடப்பக்கத்தில் பழக்கமில்லாத பிளேடு இரண்டு இடத்தில் கீறியிருந்தது. நான் வாயைத் திறந்தேன், கையை உயர்த்தினார். வலது கன்னத்தை வைத்து மேலிருந்து கீழ் வரை போனார். தரையில் படுத்தார். எழுந்தார். பிறகு மறுபக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடி, மேல் மூலையில் இடது கன்னத்தை வைத்தார்.