துண்டுக்குள் கேள்வி கேட்ட மதினி

எங்கள் ஊர்த் தரகர் சங்கத்தின் செயற்குழு சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவசரமாகக் கூடி, சங்கத்தின் மரப் பெஞ்சுகளை ஒரு துக்க வீட்டுக்கு இரவல் கொடுப்பதென்று ஒருமனதாக முடிவு செய்தது. கால் ஆடும் பெஞ்சையும் கொடுப்பதா என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை எழுந்து, நீண்ட விவாதத்துக்குப் பின், அதைச் சுவரோரம் போடும் நிபந்தனையுடன் கொடுக்கலாம் என்று தீர்ந்தது. இந்த வரலாற்றையெல்லாம் என் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து சொல்லி முடித்த சங்கத்துச் சிப்பந்தியிடம், யார் வீட்டில் துக்கம் என்று கேட்டேன்.

"வத்தல் மண்டி பார்வதியம்மா தவறிட்டாக, அண்ணாச்சி. காய்ச்சல்ல."

பக்கத்துக் கட்டடம். நான் அவர்களை மதினி என்றே அழைத்தேன். அவர்களைத் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் படித்தால் சற்று வெட்கப்படலாம், அதற்கும் ஆட்சேபமில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, மதினியின் கணவர் சுப்பையா அண்ணாச்சி, விளாத்திகுளத்திலிருந்து வந்த மிளகாய் வற்றல் மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றுபோனார். பக்கவாதம். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. "சரிதான்." தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரிதான், வேண்டாமா என்றாலும் சரிதான்.

ஊர் தன் கடமையைச் செய்தது. மருத்துவர், புத்தி கலங்கிவிட்டது என்று அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே மதினியிடம் சொன்னார். உறவினர்கள் திருநீறு போடுகிறவரை அழைத்துவந்தார்கள். பார்க்க வந்தவர்கள், பேச்சு வராதவருக்குக் காதும் கேட்காது என்ற துணிபில், அவர் காதருகே கத்தினார்கள். கத்தி ஓய்ந்ததும் மதினியைப் பார்த்து, "சாப்பிடுதாரா? ஆள் தெரியுதா?" என்று கேட்பார்கள்.

"அவுகளையே கேளுங்க" என்பார் மதினி. "பதில் வர நேரமாகும். உங்களுக்கு என்ன, கப்பலா பொறப்படப் போவுது?"

ஒரு நாள் மதினி கஞ்சியா சோறா என்று கேட்க, இரண்டுக்கும் 'சரிதான்' என்ற அண்ணாச்சி அழுதுவிட்டார். அழுதுகொண்டே இடது கையால் தோளிலிருந்த துண்டை இழுத்து மடியில் போட்டார். தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசி முடிப்பார்கள். மதினி சற்று நேரம் துண்டைப் பார்த்தார். பிறகு தம் கையை அதற்குள் விட்டார். "கட்டைவிரல் கஞ்சி. சுண்டுவிரல் சோறு." அண்ணாச்சி சுண்டுவிரலைப் பிடித்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நடந்தது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, இரண்டே பதில், பிறகு காத்திருப்பது. விரலை மாற்றி மறுபடியும் கேட்பார். ஏன் என்று கேட்டேன். "விலையை ஒருக்க சொன்னா யாரு நம்புதா, தம்பி?" என்றார். மண்டியும் அப்படியே நடந்தது. கேட்டவர் மதினி, முடிவு செய்தவர் அண்ணாச்சி.

இதைச் சங்கம் பொறுக்குமா? தரகர் துண்டுக்குள் ஒரு பெண்பிள்ளை கைவிடுவது தொழில் வழக்கத்துக்கு விரோதம் என்றும், இருவரும் ரகசியமாக விலை கட்டுகிறார்கள் என்றும் புகார் போயிற்று. அண்ணாச்சியின் தம்பி அதோடு இன்னொன்றையும் சேர்த்தார்: அண்ணனுக்குப் புத்தியில்லை, மண்டியைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும்.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன். தலைவர் எழுந்து, "உம்ம பேரு என்ன?" என்று கத்தினார்.

"சரிதான்."

இன்னும் உரக்கக் கத்தினார். "அவுகளுக்குக் காது நல்லாத்தான் கேக்கு" என்றார் மதினி. மூன்றாம் முறை கத்தியபோது அண்ணாச்சியின் முகம் சிவந்தது. "போலே, மூதி!" என்றார், மணி அடித்ததுபோல.

கோபத்தில் வசவு தானாக வரும். கோயில் பாட்டுக்கூட முழுதாக வரும். தேடிப்போகிற சொல்தான் அகப்படாது. மதினி இதைப் பொறுமையாகச் சொன்னார். தலைவரோ அண்ணாச்சி நடிக்கிறார் என்றார். தம்பி, பைத்தியம் என்றார். சங்கம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

"அப்ப உங்கள்ல யாராவது துண்டுக்குள்ள கைவிட்டுப் பாருங்க" என்றார் மதினி. அண்ணாச்சியோடு ஆயுள் முழுதும் சண்டை போட்ட மாசிலாமணித் தரகர் முன்வந்தார். துண்டு இரண்டு முறை அசைந்தது. மாசிலாமணி கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏலே, இவனுக்கா புத்தியில்ல? வேணும்னே ஏமாத்து விலை வச்சேன். விரலை முறிக்கப் பாக்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். பெண்பிள்ளை கை பற்றி விதிகளில் ஒன்றும் காணப்படாததால் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அறிவுள்ள ஒரு மனிதர் தம் சொந்தக் கடையில் உட்கார அனுமதிக்கப்பட்டது, எங்கள் ஊரில், இந்த ஒத்திவைப்பின் தயவால்.

பின்னர் மதினி சொற்களை ஒவ்வொன்றாக மீட்டார். உப்பை அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்து, "உ..." என்று தொடங்கிவிட்டு வாயை மூடிக்கொள்வார். எடுத்துக் கொடுக்கமாட்டார். எனக்கு நாக்குத் துடிக்கும், கண்ணாலேயே அடக்குவார். உப்பு வந்தது. தண்ணி வந்தது. ஒரு மாலை அண்ணாச்சி "பாரு" என்று மதினியையே பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, மதினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு சொல் மட்டும் வரவில்லை. "எத்தனை சொல் வந்தா என்ன, தம்பி? 'வேண்டாம்'னு சொல்லத் தெரியணும். அது இல்லாம அவுகளை இந்த ஊர்ல எப்படி விட்டுட்டுப் போவேன்?" என்பார். அதற்காக, அண்ணாச்சிக்குப் பிடிக்காத பாகற்காயைத் தினமும் தட்டருகே கொண்டுபோய்க் காத்திருந்தார். மதினிக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் "வே" வரை வந்திருந்தது.

மதினி, ஒரு மனிதரிடம் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை இந்த ஊரில் உங்களிடம் மட்டுமே கண்டேன். போய் வாருங்கள்.

காரியத்தன்று மாசிலாமணித் தரகர் அண்ணாச்சியிடம் பேசத் துண்டோடு வந்தார். துக்க வீட்டில் வியாபாரமா என்று தம்பி திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை, பெரியவர்கள் முன்னிலையில், மண்டியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்டார். அண்ணாச்சி "வே..." என்று தொடங்கினார். தம்பி மறுபடியும் கேட்டார். "சரிதான்" என்றார். மண்டி மாறிவிட்டது.