சுங்குவார்சத்திரத்து நாற்காலி

ஜனவரி 1, இரவு.

புத்தாண்டு ஆராதனை முடிந்து, வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேக் கொடுத்துவிட்டு அன்றைக்கே நாசரேத்தில் ரயில் ஏறினேன். போவதற்கு ஒரு டிக்கெட், திரும்பி வர இரண்டு. அந்த இரண்டாவது என் மகள் ஜெபாவுக்கு. இது அவளுக்குத் தெரியாது. மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, புத்தாண்டுக்கும் வரவில்லை. "இங்க சபையில வேலை இருக்கும்மா" என்று போனில் சொன்னாள். சபையில் வேலையாம்! ஞாயிற்றுக்கிழமை எழுப்பிவிட நான் தொண்டை கிழியக் கத்த வேண்டிய பிள்ளை அவள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ராத்திரி ஷிப்டு, வாடகை அறை, கடைச் சாப்பாடு என்று இருக்கிற பெண்ணுக்கு ஜெபம் எங்கே மிஞ்சும்? கையோடு அழைத்து வந்துவிடுவது, ஊரிலேயே ஏதாவது வேலை பார்ப்பது என்று நானும் அவள் அப்பாவும் முடிவு செய்திருந்தோம்.

ஜனவரி 2, காலை.

பத்து மணிக்குத் தாம்பரம். மேற்குப் பக்கம் இறங்கி ஒரகடம் பேருந்தில் ஏறினேன். சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் காசு கிடையாது. முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டிப் படப்பை வரை வழி முழுக்க மனை விற்பனைப் பலகைகள்தாம். படப்பையில் கூட்டம் இறங்கி, அதைவிடப் பெரிய கூட்டம் ஏறியது. எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை. உட்கார இடம் கிடைத்தவர்கள் அந்த நிமிடமே தூங்கிவிட்டார்கள். ஆனால் தங்கள் நிறுத்தம் வந்ததும் யாரும் எழுப்பாமலே கண்ணைத் திறந்து இறங்கினார்கள். முப்பது வருடமாக வகுப்பில் பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்தவள் நான், இப்படி ஒரு ஒழுங்கான தூக்கத்தைப் பார்த்ததே இல்லை.

சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் கடந்து ஒரகடத்தில் இறங்கியபோது பிரமிப்பாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்த் தெருக்கள் அத்தனையையும் பக்கம் பக்கமாகப் போட்டாலும் அந்தச் சாலையின் அகலம் வராது. இரண்டு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் மதில்கள், மதிலுக்குள் புல்வெளி, அதற்கப்பால் சன்னலே இல்லாத நீளமான கட்டடங்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என் பையைப் பார்த்தார்.

"இன்னா மா, ஊர்லேர்ந்து வர்றியா? பசங்க யாராச்சும் இங்க வேலையில கீறாங்களா?"

"என் மக இருக்கா, சுங்குவார்சத்திரத்துல."

"ஷிப்டு இன்னா?"

"ரெண்டாவது."

"அப்ப ஒரு மணிக்குள்ள போய்ப் பாத்துடு. அப்பால கம்பெனி பஸ்சு ஏறிடுவாங்க, ராத்திரிதான் வருவாங்க."

பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. இங்கே ஒரு ஆளை அறிந்துகொள்ள ஷிப்டு போதும் போலிருக்கிறது. நல்ல மனிதர், சுங்குவார்சத்திரம் பேருந்து வரும் இடத்திலேயே இறக்கிவிட்டார்.

நண்பகல்.

ஜெபா சொன்ன அடையாளப்படி, டீக்கடையை ஒட்டிய மாடிப்படி ஏறினேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சிலுவை. இதுதான் ஆலயம். நடுவில் ஒரு மேசை, அதில் பெரிய எழுத்து வேதாகமம். அதன் முன்னே ஒரு மர நாற்காலியில் சீருடை போட்ட ஒரு பையன் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர்.

போதகர் சாலமோன் எழுந்து வந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி வேன் ஓட்டுகிறார், ஏழாம் நாள் பிரசங்கம். இந்த நாலு நாள் மட்டும் விடுப்பாம். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"ஜெபாவோட அம்மாவா? குந்துங்க டீச்சரம்மா. நேத்து காலையில ஆறு மணிக்கு வேதத்தோட மொத அதிகாரம் ஆரம்பிச்சோம். ஞாயித்துக்கெழம கடைசி அதிகாரம் முடிப்போம். ராத்திரி பகலு நிக்காது. எல்லாரையும் ஒரே நேரத்துல கூட்டமா சேக்க முடியாதும்மா இங்க. ஒருத்தன் வரும்போது ஒருத்தன் பூடுவான். அதான், அவனவன் ஷிப்டுக்கு ஏத்தாப்புல வந்து படிக்கிறான்."

விதி ஒன்றே ஒன்றுதான். நாற்காலி காலியாகக் கூடாது. வாசிக்கிறவர் வசனத்தின் மேல் விரலை வைத்திருப்பார். அடுத்தவர் வந்து அந்த விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்த பிறகுதான் முதல் ஆள் எழுந்திருக்கலாம். அப்போது பேச்சு கிடையாது, வாழ்த்து கிடையாது, வாசிப்பு மட்டும்தான். தொழிற்சாலையில் இயந்திரத்தை விட்டு அப்படித்தான் எழுந்திருப்பார்களாம்.

சற்று நேரத்தில் ஜெபா வந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்துவிட்டு நேராகப் போய் விரலை வைத்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். நான் முன்வரிசைக்கு நகர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேர் எதிரே உட்கார்ந்தேன். ராஜாக்களின் கதையை நன்றாகவே வாசித்தாள். அது முடிந்ததும் வருவது பெயர்கள். ஒன்பது அதிகாரம் முழுக்க இன்னாருக்கு இன்னார் மகன் என்று வாயில் நுழையாத பெயர்கள். ஆதாமிலிருந்து தொடங்கி நாலைந்து பெயர் சொன்னாள். ஒன்றில் தடுக்கினாள், என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கை தாள்களைச் சேர்த்துப் புரட்டியது. அடுத்து நான் கேட்டது மலையில் நடக்கும் போர்.

ஒன்பது அதிகாரத்தையும் விட்டுவிட்டாள்! யாரும் கவனிக்கவில்லை. வேதபாட வகுப்பு எடுக்கிற எனக்குத் தெரியாமல் போகுமா? கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு திருப்தியும் வந்தது. நான் பயந்தது சரிதான், இங்கே எல்லாமே ஒப்புக்குத்தான், இவளை அழைத்துப் போக இந்த ஒரு காரணமே போதும் என்று நினைத்தேன். ஒரு மணிக்கு அவளுடைய அறைத்தோழி ராணி வந்து விரலை வைத்தாள். ஜெபா கம்பெனி பேருந்துக்கு ஓடினாள்.

ஜனவரி 3, சனிக்கிழமை.

ராத்திரி ஜெபாவின் அறையில்தான் தங்கினேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, நான்கு பாய், ஒரு மின்சார அடுப்பு, வாடகை ஆறாயிரம். ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு. நான்கு பேரின் சீருடையும் இஸ்திரி போட்டு ஒரே கொடியில் தொங்கின. அந்தச் சுத்தத்தைப் பார்த்து, டிக்கெட் விஷயத்தை மதியம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பத்து மணிக்கு மாடியில் இருபது பேர் இருந்தார்கள். மேசையில் யாரோ சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்க, ஜெபா போதகரிடம் போய் நின்றாள். பின்வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது.

"பாஸ்டர், நேத்து நான் வாசிக்கும்போது ஒன்பது அதிகாரத்த விட்டுட்டேன். பேரா வருமே, அது. ராத்திரி லைன்ல நிக்கும்போதுகூட அதே நெனப்பு. வேலையே ஓடல."

"ஏம்மா? பஸ்சுக்கு லேட்டாயிடுச்சா?"

"இல்ல. அம்மா முன்னால இருந்தாங்க. அத்தன பேருக்கு நடுவுல ஒரு பேர தப்பாச் சொன்னாலும் அம்மா மொகம் மாறிரும். அதான் பயந்துட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போதகர் என் பக்கம் திரும்பவே இல்லை, மகராசன். ஜெபாவிடம் கேட்டார்:

"உங்க கம்பெனில ஒரு ஸ்க்ரூ போடாம பீஸ் போயிடுச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

"அத எடுத்து ரீவொர்க் டேபிளுக்கு அனுப்புவோம்."

"லைன நிறுத்துவீங்களா?"

"மாட்டோம். லைன் அது பாட்டுக்குப் போவும்."

"அவ்ளோதான் மேட்டரு. அழுவாத."

ஒரு பையன் சின்ன ஸ்டூலையும் இன்னொரு வேதாகமத்தையும் கொண்டுவந்து மூலையில் போட்டான். நடு மேசையில் சங்கீதம் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, மூலையில் ஜெபா பெயர்களைத் தொடங்கினாள். உடனே சீருடைக்காரப் பையன் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "பாஸ்டர், நானும் பலி சட்டத்துல ஒரு ரெண்டு அதிகாரம்... தூக்கம் வந்துட்டு." அவனுக்குப் பின்னால் ராணி. அவளுக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி. அரைமணி நேரத்தில் ஸ்டூலுக்கு அருகே ஒரு வரிசையே நின்றது. யாரையும் யாரும் கேலி செய்யவில்லை. பழுது என்று சொன்னால் சரிசெய்வது என்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கமாகவே இருக்கிறது. எத்தனையோ உபவாசக் கூட்டங்களில் பாவ அறிக்கை கேட்டிருக்கிறேன், இவ்வளவு சத்தமில்லாத ஒன்றைக் கேட்டதில்லை.

நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். என் முகம் அவளுக்குத் தெரியக் கூடாது. டீக்கடைக்காரர் கீழிருந்து ஒரு டீ கொடுத்தனுப்பினார், காசு வாங்கவில்லை. சன்னல் வழியே ஜெபாவின் குரல் வந்தது. தடுக்கினாள், எழுத்துக்கூட்டினாள், தப்பாகச் சொல்லித் திருப்பிச் சொன்னாள், ஆனால் ஒரு பெயரையும் விடவில்லை. நடுவில் அந்த இரண்டு வசனம் வந்தது. துக்கத்தோடு பெற்றேன் என்று தாய் பெயர் வைத்த ஒரு மகன். அவன் தன் எல்லையைப் பெரிதாக்கும்படி கடவுளிடம் கேட்கிறான், கடவுளும் கொடுக்கிறார். அவ்வளவுதான், மறுபடி பெயர்கள். எனக்கு மனப்பாடமான இடம், எத்தனையோ புத்தாண்டில் சொல்லிக்கொடுத்த இடம். அந்தத் தாயை மட்டும் நான் யோசித்ததே இல்லை. மகன் எல்லை தாண்டிப் போனபோது அவள் என்ன செய்தாளோ? படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அன்று மதியம் அவள் வேலைக்குப் போனபின் ஊரில் அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். "அவ டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க" என்றேன். "பிள்ள வரலங்காளா?" என்று கேட்டார். "நான் கேக்கல" என்றேன்.

ஜனவரி 4, ஞாயிறு.

நாலரைக்குத் தாம்பரத்தில் ரயில், மறுநாள் பள்ளி திறக்கிறது. இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ஜெபாவுக்கு விடுமுறை, தாம்பரம் வரை வந்து ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். வழியில் நிதானமாகப் பேசலாம் என்று நினைத்திருந்தேன். என் பையை எடுத்துவர அவள் அறைக்குப் போயிருந்த நேரத்தில், ராத்திரி முழுக்க வாசித்துக் குரல் கம்மிப்போயிருந்த போதகர் கேட்டார், "டீச்சரம்மா, ஒரு கால் மணி நேரம் நீங்க படிக்கிறீங்களா? ராணி வந்து மாத்தி வுட்ருவா."

விரலை வைத்து உட்கார்ந்தேன். கடைசிப் புத்தகம், ஏழு சபைகளுக்கு எழுதிய கடிதங்கள். எபேசு, சிமிர்னா, பெர்கமு. அப்போது போதகரின் போன் அதிர்ந்தது. ராணிக்கு ஓவர்டைமை மாலை வரை நீட்டிவிட்டார்களாம். அவர் அறை முழுக்கப் பார்த்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், முடிவு ஆராதனைக்குத்தான் வருவார்கள். நான் வாசித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். வாசலில் ஜெபா என் பையோடு நின்றாள். அவளைப் பார்த்த நொடியில் தியத்தீரா என்ற ஊர் என் நாக்கில் புரண்டுவிட்டது. இரண்டாம் முறையும் புரண்டது. அவள் முகம் மாறவே இல்லை. மூன்றாம் முறை சரியாகச் சொன்னேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். என் அருகில் வந்து குனிந்து, என் விரலை ஒட்டித் தன் விரலை வைத்தாள். ஒரு வசனம் முழுக்க அப்படியே இருந்தோம். நான் எழுந்தேன், அவள் உட்கார்ந்தாள். அடுத்த வசனத்தை அவள் குரல் தொடங்கியது. போய்வருகிறேன் என்று சொல்ல வழியில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் இருவருமே நிலைகுலைந்திருப்போம். போதகர் பையைத் தூக்கிவந்து பேருந்தில் ஏற்றிவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வந்த வழியே திரும்பினேன். எங்கள் ஊர் ஆலயம் நினைவுக்கு வந்தது. கோபுரம் பத்து மைல் தூரத்துக்குத் தெரியும். வேதம் வாசிக்கத் தேக்குப் பீடம், அதற்குப் பட்டு விரிப்பு. அதற்குப் பின்னால் நின்று நான் ஒரு பெயரும் பிசகாமல் வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்து இறங்கினால் அடுத்த ஞாயிறு வரை அது சும்மா கிடக்கும்.

படப்பையில் பேருந்து நெரிசலில் நின்றபோது போன் வந்தது. பின்னணியில் ஒரே கைத்தட்டலும் பாட்டும்.

"யம்மா! முடிச்சிட்டோம். கடைசி வர நானேதான் வாசிச்சேன். ஒண்ணும் விடல."

"கேட்டுட்டேன்ட்டி."

"பஸ்ஸுல இருந்துக்கிட்டு எப்பிடிக் கேட்ட?" சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "யம்மா, எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்திருந்தியாமே. நீ வாரதுக்கு மொதநாளே அப்பா சொல்லிட்டாங்க. நீ எப்பக் கேப்பியோ, நான் என்ன சொல்லுவேனோன்னு மூணு நாளும் பயந்துட்டே கெடந்தேன். ஏம்மா கேக்கல?"

நெரிசல் விட்டுப் பேருந்து நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி காலியாயிருமேட்டி" என்றேன்.